பாண் ஆட்டோவின் மீதிப் பாட்டு

அன்புள்ள மகன் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்லுவாய். அதனால் அதைக் கேட்காமலே ஆரம்பிக்கிறேன். போனில் பேசினால் "ம்" என்கிறாய். "சாப்பிட்டேன்" என்கிறாய். அப்புறம் டவர் இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடுதாசிக்கு "ம்" போட முடியாது, நடுவில் வைக்கவும் முடியாது. இதை எழுதி முடித்ததும், தலவாக்கலையிலிருந்து அத்தை மகள் வரும்போது பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவாள். மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு மெதுவாக வாசி. ஒரே மூச்சில் வாசிக்க வேண்டுமென்று இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், மீதியைப் பஜனைப் புத்தகத்தையும் பஸ் போர்டையும் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டவள். பிழை இருந்தால் சிரித்துக்கொள். அதற்காகவாவது சிரி.

முதலில் ஒன்று. நஸீர் மேல் கோபப்படாதே. உனக்குக் கீழ்க் கட்டிலில் படுக்கிற பிள்ளை, அட்டனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன். கத்தாரில் உனக்கு இருக்கிற ஒரே நம்ம ஊர் ஆள். போன கிழமை அவன்தான் எனக்குப் போன் பண்ணினான்.

"அம்மா, நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லிறாதீங்க. வேலைக்குப் போறான், வாறான், படுக்குறான். ஆனா ரூமுல ஆளே இல்லாத மாதிரி இருக்கு."

"ரெண்டு பேரும் சண்ட கிண்ட போட்டீங்களாடா?"

"சண்ட போட்டாத்தான் பரவால்லயே. முன்னாடியெல்லாம் நான் ஆக்குற சோத்தப் பாத்து நக்கலடிப்பான். இப்ப பச்சத் தண்ணியில ஆக்கி வச்சாலும் தின்னுட்டு எந்திரிச்சுப் போறான். எந்நேரமும் காதுல ஹெட்போன். சரி, பாட்டு கேக்குறான், கேக்கட்டும்னு விட்டுட்டேன். அன்னைக்கு சார்ஜர் எடுக்க மேல ஏறிப் பாத்தா வயரு போன்ல சொருகவே இல்லம்மா. சும்மா தொங்கிக்கிட்டு இருக்கு."

அவன் சொல்லாதே என்றதை நான் சொல்லிவிட்டேன். அதற்கு அவனிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தொங்குகிற வயரை இங்கே அடுப்படியில் நின்றபடியே நான் பார்த்தேன், தம்பி. பயம் வரும் என்று நினைத்தேன். பயம் கொஞ்சம்தான் வந்தது. 'ஓ, இவனுக்கும் அதுதானா' என்றுதான் முதலில் தோன்றியது. தெரிந்த ஒருவரை வேற்றூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஏனென்றால் அது என்னிடமும் வந்து தங்கியிருந்தது. நீ அங்கே போன புதிதில் வந்தது. பிள்ளை தவித்துப் போவான் என்று நானும் அப்பாவும் உன்னிடம் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். உனக்குப் புத்தி சொல்வதற்காக மட்டும் இல்லை. எனக்கே அதில் இன்னும் புரியாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. யாரிடமாவது சொல்லிப் பார்த்தால் புரியும் என்று ஓர் ஆசை.

நாம் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டுத் தனி வீட்டுக்கு வந்த வருஷம் அது. நீ பிறந்து வளர்ந்த அந்தக் காம்பராவை நினைத்துப் பார். வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கிற அறைகள், நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே திறந்துதான் கிடக்கும். பக்கத்துக் காம்பரா ராசாத்தி அக்கா வெங்காயம் தாளித்தால் நமக்குக் கண் எரியும். அவள் வீட்டு ரேடியோ நம் வீட்டு ரேடியோ. அவள் புருஷனின் இருமல் நம் வீட்டு இருமல். எத்தனை தரம் நான் கரண்டிக் காம்பால் சுவரில் தட்டி, "அக்கா, புள்ள படிக்கிறான், கொஞ்சம் கொறச்சு வையுங்க" என்று கத்தியிருப்பேன். அவளும் விடமாட்டாள். "படிக்கிற புள்ளைக்குப் பாட்டு கேட்டா மூளை கரைஞ்சா போவுது?" என்பாள். சத்தமில்லாத ஒரு வீடு வேண்டும் என்றுதான் மாரியம்மனுக்கு வேண்டுதல் வைத்தேன். அம்மன் கொடுத்தாள். ஏழு பேர்ச் காணி, நாலு பக்கமும் சொந்தச் சுவர், அந்தச் சுவர் கூரையை முட்டுகிறது. அடுத்த வீடு தேயிலைக்கு அந்தப் பக்கம். கொட்டகலை ஸ்டேஷனுக்கு வருகிற ரயில் சத்தம்கூட மலை மறைப்பில் வராது. வந்து பார்த்தவர்கள் எல்லாம், "கொடுத்து வச்சவங்க, என்ன அமைதி" என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

அந்த அமைதி மெல்ல மெல்ல என்னைத் தின்றது. எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டுக் கணக்கை நான் காலண்டர் கட்டத்தில் பென்சிலால் எழுதுவேன், உனக்குத் தெரியும். பால் மா, மண்ணெண்ணெய், கோயில் சந்தா என்று ஒன்று விடமாட்டேன். அப்பாதான் ஒருநாள் காலண்டர் முன்னால் நின்று, "இந்தா புள்ள, இந்த மாசம் நாம ஒண்ணுமே வாங்கலியா?" என்று கேட்டார். பார்த்தால் கட்டமெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. நான் எழுதவில்லை என்பதே எனக்குத் தெரியாது. அவர் சொன்ன பிறகும் அது ஒரு குறையாகப் படவில்லை. அதுதான் அந்த நோயின் குணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அழுகை வராது, கோபம் வராது. விளக்கேற்றுவேன், கை கூப்புவேன், பாட வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அம்மன் மேல் கோபம் இருந்தால் அதுவும் ஒரு உறவுதானே? கோபமும் இல்லை. எனக்கும் அவளுக்கும் நடுவிலும் கூரை வரைக்கும் சுவர் எழுப்பின மாதிரி.

அப்பா கஷ்டப்பட்டுப் போனார். பஜாரில் ஒரு ஸ்பீக்கர் வாங்கி, பென்டிரைவ் நிறைய சாமி பாட்டு ஏற்றிக்கொண்டு வந்தார். தேயிலை ஃபெக்டரிக்குப் போகும் முன் போட்டுவிட்டுப் போவார். பெரிய பெரிய வித்துவான்கள் பாடினது, ஒரு குறை சொல்ல முடியாத பாட்டுகள். எனக்கு அவை ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிற மாதிரி இருந்தன. பெய்கிறது என்று தெரியும், நனையமாட்டேன். கொஞ்ச நேரத்தில் போய் அணைத்துவிடுவேன். அதை உன் அத்தை பார்த்துவிட்டாள்.

"அண்ணே, சாமி பாட்டு போட்டா அண்ணி மூஞ்சியத் திருப்புறாங்க. காத்து கறுப்பு பட்டிருக்கும். கோடாங்கிக்கிட்ட காட்டிருவோம்."

அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அப்புறம், "மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம். காத்தா இருந்தா அது எங்க போயிரப் போவுது, இங்கதான் இருக்கும்" என்றார்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு சிங்களப் பெண் டாக்டர். நிதானமாகத் தமிழ் பேசினார். பிரஷர் மாதிரி, சீனி வருத்தம் மாதிரி, இதுவும் ஒரு நோய்தான் என்றார். நான் சாமிக்குச் செய்த குற்றமில்லை என்றார். மாத்திரை கொடுத்தார். இப்போதும் அதில் ஒன்றை எடுக்கிறேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கீழே நான் பாட்டைப் பற்றிச் சொல்வதைப் படித்துவிட்டு, அம்மா பாட்டுக் கேட்டே குணமாகிவிட்டாள் என்று நீ நினைக்கக் கூடாது. மாத்திரை என்னை வாசல் வரைக்கும் கொண்டு வந்தது. கதவைத் திறந்தது வேறு ஒன்று. அந்த டாக்டர், "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். எவ்வளவு யோசித்தும் பதில் வரவில்லை. ரோட்டில் தொலைத்த சாமானைத் தேடுகிற மாதிரி வீடு வரைக்கும் பஸ்ஸில் அதையே தேடிக்கொண்டு வந்தேன்.

கதவைத் திறந்தது பாண் ஆட்டோ. சிரிக்காதே. பேக்கரியில் சுட்ட ரொட்டிப் பாண், உனக்குப் பிடித்த கிம்புலா பணிஸ், சீனி தூவி முதலை மாதிரி நீளமாக இருக்குமே, அதெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு மெட்டைப் போட்டபடி ஏறி வரும் அந்த ஆட்டோதான். இலங்கையில் எந்த மூலையிலும் அதே மெட்டு. ஒரு மத்தியானம், பனி வீட்டு வாசல் வரைக்கும் வந்து நின்ற நேரம், அது கீழ் ரோட்டில் வருகிறது. பெட்டரி இறங்கிப் போயிருந்தது போல. மெட்டு இழுத்து இழுத்து வந்து, கடைசி அடிக்கு முன்னால் அப்படியே படுத்துவிட்டது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். யாரோ அந்தக் கடைசி அடியை முடித்தார்கள். யார் என்று திரும்பிப் பார்த்தேன், தம்பி. சத்தியமாகத் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, முடித்தது என் வாய்.

அரிசி களைந்த தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். ஓர் ஆச்சரியம். அம்மன் பாட்டுக்கு அசையாத வாய் இந்தப் பாண் பாட்டுக்கு ஏன் அசைந்தது? அர்த்தமில்லாத மெட்டு, சொல் கிடையாது, சாமி கிடையாது. நான் பக்தி இல்லாதவளாகிவிட்டேனோ என்று ஒரு பக்கம் உறுத்தல். இன்னொரு பக்கம், அது நாளைக்கும் வருமா என்று பார்க்க ஆசை. நாளைக்கு என்று ஒன்றை நான் நினைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. மறுநாள் வாசல் கேட்டடியில் போய் நின்றேன். பாண்காரத் தம்பி சிங்களப் பையன், நம்ம ஆட்களோடு தமிழிலேயே வியாபாரம் செய்வான்; தம்பியை அவர்கள் கூப்பிடுகிற மாதிரி நானும் மல்லி என்றுதான் கூப்பிடுவேன்.

"மல்லி, உங்க பாட்டு கடைசியில விழுந்துருதே?"

"அது பாட்டு இல்ல அக்கா, பெட்டரி. சனிக்கெழம புதுசு போடுறது."

"கொஞ்ச நாளைக்குப் போடாதீங்க."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "அக்கா, பாண் வேணுமா, பாட்டு வேணுமா?" என்றான். இரண்டும் வேண்டும் என்று ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று காலண்டரில் பாண் என்று எழுதினேன். எழுதின பிறகுதான் எழுதினதைக் கவனித்தேன்.

சனிக்கிழமை அவன் புதுப் பெட்டரி போட்டுவிட்டான். மெட்டு முழுசாக, கணீரென்று வந்தது. எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உள்ளே போய் ஸ்பீக்கரைப் போட்டேன். ஒரு மாரியம்மன் பாட்டு. நல்ல உச்சத்தில் போகும்போது டக்கென்று அணைத்தேன். வீடு நிசப்தமானது. ஆனால் முன்பு இருந்த நிசப்தம் இல்லை, யாரோ பேச வந்து வாயை மூடிக்கொண்ட மாதிரி ஒரு நிசப்தம். அடுத்த அடி என் நெஞ்சில் ஏறி வந்து தொண்டையில் நின்றது. பாடினேன். குரல் துருப்பிடித்த கீல் மாதிரி இருந்தது. இன்னொரு பாட்டு போட்டேன், அணைத்தேன், பாடினேன். முழுப் பாட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே ஆரம்பித்து அதுவே முடித்துக்கொண்டது. பாதியில் நின்ற பாட்டுக்கு நான் தேவைப்பட்டேன். வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னா புள்ள, போடுற, அணைக்கிற, போடுற, அணைக்கிற? பென்டிரைவு கெட்டுப்போயிரும்."

"கெட்டா நல்லதுதாங்க. பாதியில நின்னு போற மாதிரி கெடுமா?"

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் சுவரில் டொக் டொக் என்று சத்தம். பிறகு அவர் பாடுகிற சத்தம். உன் அப்பா பாடி நீ கேட்டிருக்க மாட்டாய். ஃபெக்டரியில் காதை அடைக்கிற உருட்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தவர், ஸ்வரம் எங்கே போகிறது, இவர் எங்கே போகிறார் என்று ஒரு சம்பந்தமும் கிடையாது. அம்மன் பாட்டை எடுத்து, இரண்டாவது அடியிலேயே வேறு ஏதோ பாட்டுக்குள் விழுந்துவிட்டார். என்னால் தாங்க முடியவில்லை.

"ஏங்க, அது அப்படி இல்ல." சுவருக்கு இந்தப் பக்கமிருந்து திருத்திப் பாடினேன்.

"இப்படியா?" மறுபடியும் விழுந்தார்.

"இல்லங்க. மேல போகணும்."

"நான் பாடுறதெல்லாம் பாட்டா புள்ள?"

"பாட்டில்லதான். நிறுத்திராதீங்க."

அன்று சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அப்படியே பேசிக்கொண்டோம். முகம் தெரியாததால்தானோ என்னவோ, அவர் சொன்னார்: "எனக்கும் இந்த வீடு புடிக்கல. லயத்துல நான் இருமுனாக்கூட அந்தப் பக்கத்துலருந்து என்னா அண்ணேன்னு ஒரு கொரல் வரும். இங்க நான் விழுந்து கெடந்தாலும் ஒனக்கே கேக்காதோன்னு இருக்கு. நீ வேற பேச்சையே நிறுத்திட்டியா, யாருகிட்ட சொல்றது?" எனக்குக் கண்ணீர் வந்தது. எத்தனை மாசத்துக்குப் பிறகு. உப்புக் கரிக்கிறதா என்று நாக்கால் தொட்டுப் பார்த்தேன். கரித்தது. நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது உனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு நீ என்னிடம் கேட்டாய், "ஏம்மா நீ எப்பப் பாத்தாலும் பாட்டை நடுவுலருந்து பாடுற? மொதல்லருந்து பாடத் தெரியாதா?" நான், "வாய மூடிட்டு எழுது" என்றேன். அந்தக் கேள்விக்கு விடை எனக்கு இப்போதுதான் தெரியும். லயத்தில் ஒரு பாட்டைக்கூட நான் முழுசாகக் கேட்டதில்லை. ராசாத்தி அக்கா ரேடியோ போடுவாள், ரயில் வந்து அதை விழுங்கும். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுவாள், குழந்தை அழுதால் பாதியில் விட்டுவிட்டு ஓடுவாள். அவள் விட்ட இடத்திலிருந்து சுவருக்கு இந்தப் பக்கம் நான் எடுத்துக்கொள்வேன். நான் விட்டால் அவள் எடுப்பாள். கரண்டிக் காம்பால் தட்டி நான் விரட்டின அந்தச் சத்தத்தில்தான் என் பாட்டும் இருந்தது. அதை நான் பக்தி என்று நினைத்திருந்தேன். பக்திதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மன் அந்தத் திறந்த சுவர் வழியாகத்தான் வந்து போயிருக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது. இது சரியா என்று ஐயரிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசிக்கிறார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஏன் இப்படி என்று நான் கேட்கப் போவதில்லை. என்னை எல்லாரும் அப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை, பதில் இல்லாதது இன்னொரு பாரமாகத்தான் இருந்தது. அந்த வயரைப் போனில் சொருகு என்றும் சொல்லமாட்டேன். ஹெட்போன் போட்டுக்கொள், யாரும் பேசாமல் இருக்க அது நல்ல வேலிதான். இரண்டே காரியம் கேட்கிறேன். ஒன்று, உன் கம்பனியில் டாக்டர் இருக்கிறார் என்று நஸீர் சொன்னான். அவரிடம் போய், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மனசு எப்படி என்று உள்ளதைச் சொல். துணைக்கு அவன் வருவான், கேட்டுவிட்டேன். வெட்கப்படாதே, உன் அம்மா போய் வந்த இடம்தான் அது. நான் இப்படி ஒரு கடுதாசி எழுதுகிறேன் என்று தெரிந்து, கோயில் திருவிழா மலரில் போடக் கேட்கிறார்கள், இப்படி வாயடைத்துப் போன பிள்ளைகள் பல வீட்டிலும் இருப்பதால். நீ சரி என்றால் மட்டும் கொடுப்பேன், உன் பெயர் இல்லாமல்.

இரண்டாவது காரியம் வெள்ளிக்கிழமை. உனக்கு அங்கே லீவு. இங்கே விளக்கேற்றி நானும் அப்பாவும் பாடுவோம். இந்த மாசத்திலிருந்து ராசாத்தி அக்காவும் தேயிலைக்குள்ளே குறுக்கு வழியாக நடந்து வருகிறாள், வந்து முதல் வேலையாக அப்பாவின் குரலைக் குறை சொல்கிறாள். மார்கழியில் பஜனை லயம் லயமாகச் சுற்றி வரும்போது நீ டோலக்கு அடிப்பாயே, அந்த மாரியம்மன் பாட்டுத்தான் பாடுவோம். மூன்றாவது அடி முடிந்ததும் எல்லாரும் வாயை மூட, உன் டோலக்கு மட்டும் தனியாகப் பேசும் இடம் ஒன்று உண்டு. நீ போன பிறகு அந்த இடத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நாங்கள் தாண்டித் தாண்டிப் பாடினோம். டோலக்கு இங்கே என் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு அடுப்புக்கு மேலே தொங்குகிறது, தோல் காய்ந்து நன்றாகத்தான் இருக்கிறது. உன்னிடம் டோலக்கு இல்லை. கட்டிலுக்குக் கீழே கெட்டியான சூட்கேஸ் இருக்கிறதாம், நஸீர் சொன்னான்.

போனில் தாளம் சரியாக வராது என்று அப்பா சொன்னார். அதையும் பார்த்துவிடுவோம் என்று தலவாக்கலையில் இருக்கிற அத்தை மகளுக்குப் போன் போட்டு, அங்கே அவளைத் தட்டச் சொல்லி இங்கே நான் பாடினேன். அவள் தட்டுவது பிந்தித்தான் வந்தது. தலவாக்கலையிலிருந்து வரவே அவ்வளவு நேரம் என்றால் கத்தாரிலிருந்து வர இன்னும் நேரம் எடுக்கும். "இது சரிவராது புள்ள, பாட்டு நடுவுல தொங்கும்" என்றார். தொங்கட்டும் என்றேன். அதுதானே எனக்கு வேண்டியது.

ஆகவே வெள்ளிக்கிழமை நான் உனக்குப் போன் எடுப்பேன். நீ பேச வேண்டாம், "ம்" கூட வேண்டாம். போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துவிட்டுப் பாட ஆரம்பிப்பேன். மூன்றாவது அடி முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் நிறுத்திக்கொள்வோம். நீ தட்டினால் தட்டு. கை வராவிட்டால் சும்மா இரு. நாங்கள் கொஞ்ச நேரம் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எடுப்போம். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். உன் இடத்தை இனிமேல் தாண்டிப் பாடுவதில்லை என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
மூன்றாவது அடியோடு நிறுத்தப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அம்மா